பிரிகாம் யங் பல்கலைக்கழகத்துக்குப் புதிதாகச் செல்லும் மாணவருக்கு

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், சால்ட் லேக் சிட்டிக்குத் தெற்கே ஏறத்தாழ 70 கிலோமீட்டர் தொலைவிலுள்ள ப்ரோவோ நகரில், வாசாட்ச் மலைத்தொடரின் அடிவாரத்தில் அமைந்திருக்கிறது பிரிகாம் யங் பல்கலைக்கழகம். 1875-இல் ஓர் அகாடமியாகத் தொடங்கி 1903-இல் பல்கலைக்கழகம் என்ற பெயரைப் பெற்ற இந்நிறுவனத்தை நடத்துவது பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை. மார்மன்கள் என்று சொன்னால் நம்மில் பலருக்குச் சட்டென்று விளங்கும். இங்கே படிக்கும் ஏறத்தாழ 35,000 மாணவர்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுப் பேர் அந்தச் சபையைச் சேர்ந்தவர்கள்.

லயோலாவிலோ தாம்பரம் கிறிஸ்தவக் கல்லூரியிலோ படித்துவிட்டு மேற்படிப்புக்குச் செல்பவர்கள், ‘கிறிஸ்தவ நிறுவனம்தானே, நமக்குப் பழகியதுதான்’ என்று எண்ணுவது இயல்பு. அந்த எண்ணத்தை விமானம் ஏறுவதற்கு முன்பே இறக்கி வைத்துவிடுவது நல்லது. நம் ஊர்க் கல்லூரிகளில் வேற்று மதத்தவர் ஏராளம். சிற்றாலயத்தில் பிரார்த்தனை ஒரு பக்கம் நடக்கும், மாணவர் தம் போக்கில் ஒரு பக்கம் நடப்பார். ப்ரோவோவில் வகுப்பு, குடியிருப்பு, விளையாட்டு, உணவுக்கூடம், விடுமுறை எல்லாமே சபையின் ஒழுங்கை ஒட்டித்தான் ஓடுகின்றன. சபைக் குடும்பத்தில் பிறந்து வளர்ந்த மாணவருக்கு வேண்டிய தகவலும் தொடர்பும் துணையும் அவர் கேட்காமலே வந்து சேர்ந்துவிடுகின்றன. வெளியிலிருந்து வருபவர் ஒவ்வொன்றையும் அறிந்து, கேட்டுப் பெற வேண்டியிருக்கிறது. எதை, எப்போது, யாரிடம் கேட்பது என்பதை வேற்று மதத் தமிழ் மாணவர் ஒருவரை மனத்தில் வைத்து இங்கே வரிசையாகச் சொல்கிறேன்.

கையெழுத்திடுவதற்கு முன்

விண்ணப்பத்தின் ஒரு பகுதியாக ‘ஆனர் கோடு’ எனப்படும் நெறிமுறை உறுதிமொழியை நீங்கள் ஏற்க வேண்டும். கணினித் திரையில் ‘ஏற்கிறேன்’ என்ற கட்டத்தைத் தட்டிவிட்டுப் போகும் பழக்கம் நம் எல்லோருக்கும் உண்டு. இந்த ஒரு கட்டத்தில் மட்டும் அப்படிச் செய்ய வேண்டாம். நேர்மையாக நடத்தல், மது, புகையிலை, போதைப்பொருள்களைத் தவிர்த்தல், திருமணத்துக்கு வெளியே பாலுறவு கொள்ளாதிருத்தல், தூய மொழி பேசுதல், சபை வழிபாட்டில் தொடர்ந்து பங்கெடுத்தல், உடை மற்றும் தோற்ற விதிகளைப் பின்பற்றுதல் ஆகியவை அதில் அடங்கும். ஒரே பாலினத்தவரிடையேயான காதல் நடத்தையையும் அது வெளிப்படையாக விலக்குகிறது. இது உங்கள் வாழ்க்கையோடு பொருந்தாது என்றால், நல்ல பாடத்திட்டம், குறைந்த கட்டணம் என்ற காரணங்களுக்காக மட்டும் இந்தப் பல்கலைக்கழகத்தைத் தேர்ந்தெடுக்காதீர்கள் என்பதே என் கருத்து. உறுதிமொழி வளாகத்துக்குள் மட்டும் செல்லுபடியாவது அன்று. வெளியே வாடகை வீட்டிலும், கோடை விடுமுறையில் ஊருக்கு வந்திருக்கும்போதும் அது உங்களைக் கட்டுப்படுத்தும்.

நம்மவர்களை முதலில் திகைக்க வைப்பது தேநீரும் காப்பியும்தான். மதுவோடும் புகையிலையோடும் சேர்த்து இவ்விரண்டையும் அந்தச் சபை விலக்குகிறது. ஆகவே உறுதிமொழியும் விலக்குகிறது. கும்பகோணம் பித்தளை ஃபில்டரைப் பெட்டியில் வைத்து அனுப்ப அம்மா துடித்தாலும் தடுத்துவிடுங்கள். தடை தேயிலைக்கும் காப்பிக்கொட்டைக்கும் மட்டுமே. மூலிகைக் கஷாயங்களுக்கு இல்லை. சுக்கு, கொத்தமல்லி, மிளகு, கருப்பட்டி சேர்த்துக் கொதிக்க வைக்கும் சுக்குக் காப்பியில் பெயரில் மட்டுமே காப்பி இருப்பதால், அந்தப் பொடியைத் தாராளமாகக் கொண்டு போகலாம். அறைத்தோழர் கேட்டால் பெயரை மட்டும் சற்று யோசித்துச் சொல்லுங்கள்.

அடுத்தது தாடி. ஆண்கள் தாடியின்றி மழித்த முகத்தோடு இருக்க வேண்டும். மீசை வைப்பவர்கள் ஒழுங்காகக் கத்தரித்திருக்க வேண்டும். தோல் நோய், மேடை நாடக வேடம், சமயக் கடமை என்னும் மூன்று காரணங்களுக்கு விலக்குக் கேட்க வழியுண்டு. கார்த்திகையில் ஐயப்பனுக்கு மாலை அணிந்து ஒரு மண்டலம் விரதம் இருப்பவர்கள், தாடி வளர்ந்த பிறகு விளக்கம் சொல்லிக்கொண்டிருக்காமல், செமஸ்டர் தொடங்கும்போதே அதற்குரிய அலுவலகத்தில் எழுத்து மூலம் கேட்டுவிட வேண்டும். உடை விதிகளைப் பொறுத்தவரை நம் ஊர்ப் பொறியியல் கல்லூரிகளின் கெடுபிடியை அனுபவித்தவர்களுக்குப் பெரிய சிரமம் இருக்காது. தோளும் தொடையும் மறையும் உடை என்று பொதுவாக நினைவில் வைத்துக்கொண்டால் போதும்.

உறுதிமொழியோடு இணைந்தே வருவது சபைத் தலைவரின் ஒப்புதல். நீங்கள் இந்த உறுதிமொழியின்படி வாழ்கிறீர்கள், வாழ ஒத்துக்கொள்கிறீர்கள் என்று ஒரு சமயத் தலைவர் உங்களோடு நேரில் பேசிவிட்டு ஒப்புதல் தர வேண்டும். அதை ஆண்டுதோறும் புதுப்பிக்கவும் வேண்டும். புதுப்பிக்காவிட்டால் அடுத்த பருவத்துக்கு வகுப்புப் பதிவு செய்ய முடியாது. சபையினருக்கு அவரவர் வார்டின் பிஷப் இந்த ஒப்புதலைத் தருகிறார். வார்டு என்பது சில நூறு பேர் கொண்ட உள்ளூர்ச் சபைப் பிரிவு. பிஷப் என்பவர் நாம் நினைப்பது போல் அங்கி அணிந்த ஆயர் அல்லர், பகலில் கணக்காளராகவோ பல் மருத்துவராகவோ வேலை பார்த்துக்கொண்டு ஊதியமின்றிச் சபைப் பணி செய்யும் குடும்பஸ்தர்.

வேற்று மதத்தவருக்கு மூன்று வழிகள் உள்ளன. உங்கள் சமயக் குழுவில் நீங்கள் தொடர்ந்து பங்கெடுப்பவராக இருந்தால் அதன் தலைவரிடம் பெறலாம். நீங்கள் குடியிருக்கும் பகுதியின் மார்மன் பிஷப்பிடம் பெறலாம். அல்லது பல்கலைக்கழகமே இதற்கென வைத்திருக்கும் பொதுச் சமய ஆலோசகரிடம் பெறலாம். சர்ச்சில் குருவானவரை அறிந்த தமிழ்க் கிறிஸ்தவருக்கு முதல் வழி எளிது. இந்து மாணவர் பெரும்பாலோருக்கு, ‘இவர் ஒழுங்காக வழிபடுகிறார்’ என்று கடிதம் தரக்கூடிய ஒருவர் கோயிலில் இருப்பதில்லை. அர்ச்சகருக்கு நம் நட்சத்திரம் தெரியும், நடத்தை தெரியாது. அவர்கள் மூன்றாம் வழியைத் தேர்ந்தெடுப்பதே நல்லது. நேர்காணலில் உங்கள் நம்பிக்கையை மறைக்கவோ குறைத்துச் சொல்லவோ வேண்டியதில்லை. வேற்று மதத்தவராக இருப்பது அங்கே தவறாகக் கருதப்படுவதில்லை.

இதையொட்டி ஒன்றை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். தொடக்கத்திலிருந்தே வேற்று மதத்தவராக இருப்பவரை ஏற்கும் விதிகள், சபையில் சேர்ந்துவிட்டு முறைப்படி விலகியவரை அதே கண்ணால் பார்ப்பதில்லை; அவ்வாறு விலகியவர் அங்கே படிப்பைத் தொடரும் தகுதியை இழக்கிறார். ஆகவே நண்பர்களின் அன்பில் நெகிழ்ந்து, முதல் செமஸ்டரிலேயே ஞானஸ்நானம் பெறலாம் என்று தோன்றினால், மனப்பூர்வமான நம்பிக்கை பிறந்திருக்கிறதா என்று பட்டம் வாங்கும் வரை காத்திருந்துகூடப் பார்க்கலாம். நம்பிக்கை உண்மையானால் அது காத்திருக்கும்.

பணமும் விசாவும்

சபை உறுப்பினர் கட்டுவதைப் போல் இரு மடங்கு கல்விக் கட்டணத்தை மற்றவர்கள் கட்ட வேண்டும். 2024–25 கல்வியாண்டில் இளங்கலைக்கு ஒரு செமஸ்டருக்கு உறுப்பினர் கட்டணம் ஏறத்தாழ 3,300 டாலர். பிறருக்கு ஏறத்தாழ 6,700 டாலர். உறுப்பினர்கள் தம் வருமானத்தில் பத்தில் ஒரு பங்கைச் சபைக்குத் தருகிறார்கள், பல்கலைக்கழகத்தின் செலவில் பெரும்பகுதி அந்த நிதியிலிருந்தே வருகிறது, எனவே அவர்கள் முன்கூட்டியே பங்களித்துவிட்டார்கள் என்பது நிர்வாகம் கூறும் காரணம். இரு மடங்கு என்றதும் மனம் கசந்தாலும், அமெரிக்காவின் மற்றப் பெரிய தனியார் பல்கலைக்கழகங்களோடு ஒப்பிட்டால் இந்தத் தொகை குறைவே. வேற்று மதத்தவரிடம் அந்தப் பத்தில் ஒரு பங்கை யாரும் கேட்பதில்லை.

விசா நடைமுறை மற்ற அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுக்கு உள்ளதேதான்: செலவுக்குப் பணம் இருப்பதற்கான சான்றுகளை அனுப்பி, சேர்க்கையை உறுதிப்படுத்திப் பல்கலைக்கழகம் தரும் ஐ-20 படிவத்தைப் பெறுவது, வெளிநாட்டு மாணவர் பதிவுக்கான 350 டாலர் செவிஸ் கட்டணம் கட்டுவது, எஃப்-1 என்னும் மாணவர் விசா நேர்காணலுக்குச் செல்வது, படிப்புத் தொடங்கும் நாளுக்கு 30 நாள்களுக்கு மேல் முன்னதாக நாட்டுக்குள் நுழையாமலிருப்பது. படிக்கும் காலத்தில் வாரத்துக்கு 20 மணி நேரம் வளாகத்துக்குள் வேலை பார்க்கலாம். இங்கே மாணவர் வேலைகள் ஏராளம். அவற்றில் எளிதில் கிடைப்பது விடியற்காலை 4 மணிக்குத் தொடங்கும் துப்புரவுப் பணி. மார்கழிக் கோலத்துக்கு எழுந்து பழகியவர்கள்கூட ஜனவரிப் பனியில் அதற்குத் திணறுவார்கள். வகுப்புகளுக்கு முன்பே வேலை முடிந்துவிடும் என்பது அதன் வசதி.

போய் இறங்கும் நாள்

பயணச்சீட்டு எடுக்கும்போது ஞாயிற்றுக்கிழமை இறங்காதபடி பார்த்துக்கொள்ளுங்கள். சால்ட் லேக் சிட்டி விமான நிலையத்திலிருந்து டிராக்ஸ் பச்சை வழித்தட ரயிலில் ஏறி நார்த் டெம்பிள் நிலையத்தில் இறங்கி, ஃப்ரண்ட்ரன்னர் என்னும் புறநகர் ரயிலில் ப்ரோவோ வரை சென்று, அங்கிருந்து யு.வி.எக்ஸ். பேருந்தில் வளாகத்தை அடைவதே சிக்கனமான வழி. ஞாயிறன்று ஃப்ரண்ட்ரன்னர் ஓடுவதில்லை. அன்று வளாக அலுவலகங்களும் கடைகளும் மூடியிருக்கும். இரண்டு பெரிய பெட்டிகளோடு வந்திறங்குபவருக்குச் சாவி தர ஆள் கிடைப்பதே அரிதாகிவிடும். திங்கள் முதல் வியாழன் வரை ஏதாவது ஒரு நாளில் பகலில் இறங்குவது உத்தமம்.

முதல் வாரத்தில் செய்ய வேண்டியவற்றுள் தள்ளிப்போடக் கூடாதது ஒன்றுண்டு. சர்வதேச மாணவர் அலுவலகத்துக்குக் கடவுச்சீட்டு, ஐ-20, விசா ஆகியவற்றோடு சென்று வருகையைப் பதிவு செய்துவிட வேண்டும். பின்னாளில் வீடு மாறினால் 10 நாள்களுக்குள் அவர்களுக்குத் தெரிவிக்க வேண்டும். மாணவர் அடையாள அட்டை, வங்கிக் கணக்கு, தொலைபேசி எண் ஆகியவற்றை அதன் பிறகு பார்க்கலாம். புதிய மாணவர் அறிமுக நாள்களில் உங்களை ஒரு சிறு குழுவில் சேர்த்து வளாகத்தைச் சுற்றிக் காட்டுவார்கள். கூச்சப்பட்டு அறையில் இருந்துவிடாதீர்கள். மற்றவர்களுக்கு வார்டு மூலம் நட்பு தானாக அமைந்துவிடும். உங்களுக்கு அந்தக் குழுதான் முதல் வாசல்.

இருப்பிடம்

புதிதாகச் சேரும் திருமணமாகாத இளங்கலை மாணவர், வளாக விடுதியிலோ பல்கலைக்கழகத்தோடு ஒப்பந்தம் செய்துகொண்ட வெளிக் குடியிருப்பிலோ தங்க வேண்டும். வளாகத்துக்குள் முதலாண்டு மாணவர் பெரும்பாலும் தேர்ந்தெடுப்பது ஹீலமன் ஹால்ஸ், ஹெரிட்டேஜ் ஹால்ஸ் என்னும் இரண்டில் ஒன்றை. ஹீலமனில் அறையும் பொதுக் குளியலறையும் மட்டுமே; சாப்பாட்டுக்கு அருகிலுள்ள கேனன் மையத்தின் உணவுத் திட்டத்தில் பணம் கட்டிச் சேர வேண்டும். ஹெரிட்டேஜில் சமையலறையோடு கூடிய வீடுகளைச் சிலர் சேர்ந்து பகிர்ந்துகொள்கிறார்கள். ஹீலமனில் நட்பு விரைவாகப் பிடிக்கும் என்று சொல்பவர்கள் உண்டு. அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனாலும் சைவ உணவு உண்பவருக்கும், ரசமும் சோறும் இல்லாமல் பத்து நாள் தாங்காதவருக்கும் ஹெரிட்டேஜையே நான் சொல்வேன். சமையலறையில் உங்களுக்கென்று ஒரு வாணலியும் ஒரு கரண்டியும் தனியாக வைத்துக்கொண்டு, ‘இவற்றில் இறைச்சி சமைக்க வேண்டாம்’ என்று முதல் நாளே சொல்லிவிட்டால் பெரும்பாலானோர் மதித்து நடப்பார்கள். மூன்றாம் மாதம் சொன்னால்தான் மனத்தாங்கல் வரும். எண்ணெய் புகையக் கடுகும் வற்றல் மிளகாயும் தாளித்தால் புகை எச்சரிக்கைக் கருவி அலறி, கட்டடமே பனியில் வெளியே வந்து நிற்க நேரலாம். மின்விசிறியைப் போட்டு, சன்னலைத் திறந்து, அடுப்பைக் குறைத்துத் தாளியுங்கள்.

வெளிக் குடியிருப்புக்குச் செல்பவர்கள் ஒப்பந்தத்தை வரிவரியாகப் படிக்க வேண்டும். நம் ஊரில் போல் ஒரு மாத முன்னறிவிப்புக் கொடுத்து முன்பணத்தை வாங்கிக்கொண்டு வெளியேற முடியாது. ஒப்பந்தக் காலம் முடியும்வரை வாடகை உங்கள் பொறுப்பு. இடையில் கிளம்ப வேண்டுமானால் உங்கள் இடத்துக்கு வர ஒருவரை நீங்களே தேடிப் பிடித்து, ஒப்பந்தத்தை அவர் பெயருக்கு மாற்ற வேண்டும். அங்கே இதை ‘காண்டிராக்ட் விற்பது’ என்பார்கள். டிசம்பரிலும் ஏப்ரலிலும் ஊரே காண்டிராக்ட் விற்றுக்கொண்டிருக்கும். வாங்குபவருக்கு ஒரு மாத வாடகையை இனாமாகத் தரும் அளவுக்கு விலை இறங்குவதும் உண்டு. முதல் முறை ஓராண்டு ஒப்பந்தத்தில் கையெழுத்திடாமல், குறுகிய கால ஒப்பந்தத்தில் மற்றொருவர் விற்கும் இடத்தை வாங்குவது புதியவருக்கு ஆதாயம்.

ஆண்களும் பெண்களும் தனித்தனி வீடுகளில்தான் தங்க வேண்டும். வெளிக் குடியிருப்புகளில் எதிர்ப்பாலினத்தவர் வரவேற்பறைக்கும் சமையலறைக்கும் மட்டுமே வரலாம். படுக்கையறைக்குள் அனுமதி இல்லை. காலை 9 மணி முதல் நள்ளிரவு 12 வரையும், வெள்ளிக்கிழமைகளில் 1.30 வரையும் அவர்கள் இருக்கலாம். சேர்ந்து படிக்கும்போது நேரம் போவது தெரியாது. கடிகாரத்தைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு உங்களுடையது.

வாரத்தின் ஓட்டம்

ஞாயிறன்று நூலகம் மூடியிருக்கும் என்பதைப் புதியவர்கள் ஒரு முறை கதவில் முட்டிக்கொண்டுதான் தெரிந்துகொள்கிறார்கள். பல்கலைக்கழகத்தின் எந்த விளையாட்டு அணியும் ஞாயிறன்று ஆடுவதில்லை. தேசியப் போட்டிகளின் அட்டவணையையே அதற்கேற்ப மாற்றி அமைக்கும் அளவுக்கு இது அமெரிக்க விளையாட்டு உலகில் பிரசித்தம். எனவே திங்கட்கிழமை பரீட்சை இருந்தால் வேண்டிய நூல்களைச் சனிக்கிழமையே எடுத்து வந்துவிட வேண்டும். மளிகைச் சாமான் விஷயத்திலும் அப்படித்தான். மாதத்தின் முதல் ஞாயிறு சபையினர் இரண்டு வேளை உணவைத் தவிர்த்து நோன்பிருப்பார்கள். நம் ஏகாதசி, கிருத்திகை விரதம் போன்றதுதான். அன்று காலை அறைத்தோழர் உங்களோடு சாப்பிட உட்காராவிட்டால் கோபம் என்று நினைத்துவிடாதீர்கள்.

திங்கள் மாலைகளில் வார்டுக் குழுக்களாகக் கூடி விளையாடியும் பாடியும் தின்பண்டம் தின்றும் கலைவது வழக்கம். செவ்வாய்க்கிழமை 11.05 மணிக்கு, ஏறத்தாழ 18,000 பேர் அமரக்கூடிய மாரியட் சென்டர் அரங்கில் டிவோஷனல் என்னும் கூட்டம் நடைபெறும். சபைத் தலைவர்களும் பேராசிரியர்களும் அதில் உரை நிகழ்த்துவார்கள். அந்த நேரத்தில் வகுப்புகள் கிடையாது, அலுவலகங்களும் மூடப்பட்டுவிடும். கட்டணம் கட்டுவதற்கும் படிவம் வாங்குவதற்கும் அந்த நேரத்தில் போய் நிற்காதீர்கள். ஓரிரு முறையாவது உள்ளே சென்று அமர்ந்து பாருங்கள். உங்கள் வகுப்பினர் அந்த வாரம் முழுவதும் எதைப் பற்றிப் பேசுகிறார்கள் என்பது விளங்கும்.

வேறு எங்கும் எதிர்பார்க்காத இன்னொரு வழக்கமும் இங்குண்டு. காலையில் கொடியேற்றும்போதும் மாலையில் இறக்கும்போதும் அமெரிக்க நாட்டுப்பண் ஒலிபெருக்கியில் ஒலிக்கும். நடந்துகொண்டிருக்கும் மாணவர்கள் அனைவரும் அப்படியே நின்றுவிடுவார்கள். நீங்களும் நின்றுவிடுங்கள். வகுப்புகள் சில பிரார்த்தனையோடு தொடங்கும். மாணவர் ஒருவரைப் பிரார்த்தனை சொல்லும்படி ஆசிரியர் அழைக்கக்கூடும். விருப்பமில்லை என்றால் ‘இன்று வேறொருவர் சொல்லட்டும்’ என்று மென்மையாகச் சொன்னால் போதும்.

படிப்பு

இளங்கலைப் பட்டத்துக்கு வேண்டிய 120 கிரெடிட்களில் 14 சமயப் பாடங்களுக்கு உரியவை. சபையின் வேதநூல்களில் ஒன்றான மார்மன் புஸ்தகத்தின் போதனைகள், இயேசு கிறிஸ்துவும் நற்செய்தியும், சபை மீட்டெடுக்கப்பட்ட வரலாற்றின் அடிப்படைகள், குடும்பம் பற்றிய கோட்பாடு ஆகிய நான்கும் அவற்றில் கட்டாயமானவை. மீதியை நீங்கள் தேர்ந்தெடுக்கலாம். உடன் படிப்பவர்கள் சிறுவயது முதல் ஞாயிறுதோறும் இவற்றைக் கேட்டு வளர்ந்தவர்கள். அவர்களில் பலர் இரண்டாண்டோ (பெண்களானால் ஒன்றரை ஆண்டோ) மிஷனரியாகப் பணியாற்றிவிட்டு வந்திருப்பார்கள். திருக்குறளை முதன்முதலாகப் படிக்கும் வெளிநாட்டவர் தமிழ் எம்.ஏ. வகுப்பில் உட்கார்ந்ததைப் போன்ற நிலை உங்களுடையது. ஆகவே முதல் வாரத்திலேயே ஆசிரியரின் அறைக்குச் சென்று, ‘நான் இந்தச் சபையைச் சேர்ந்தவன் அல்லன், எனக்கு இந்த நூல்கள் புதியவை’ என்று சொல்லிவிடுங்கள். நம்பிக்கையை மாற்றிக்கொண்டதாகக் காட்டினால்தான் மதிப்பெண் கிடைக்கும் என்று அஞ்ச வேண்டாம். அந்த நூல் என்ன சொல்கிறது என்பதைப் புரிந்து எழுதினால் போதும். ஒரு செமஸ்டரில் ஒரு சமயப் பாடத்துக்கு மேல் எடுக்காமலிருப்பது நல்லது. இரண்டு கிரெடிட்தானே என்று மூன்றை அடுக்கிவிட்டுப் படிக்க முடியாமல் தவிப்பது புதியவர் செய்யும் வழக்கமான தவறு.

பல பாடங்களுக்கு வகுப்பறையில் தேர்வு நடக்காது. ஹீபர் ஜே. கிராண்ட் கட்டடத்திலுள்ள தேர்வு மையத்தில், ஆசிரியர் குறித்திருக்கும் சில நாள்களுக்குள் உங்களுக்கு வசதியான நேரத்தில் சென்று எழுதலாம். இந்தச் சுதந்திரத்தை நம்பிக் கடைசி நாளுக்குத் தள்ளினால் வாசலில் நீண்ட வரிசையில் நிற்க நேரும். கடைசி நாளில் எழுதுவதற்குக் கட்டணம் விதிக்கும் பாடங்களும் உண்டு. முதல் நாள் காலையில் போய் எழுதிவிட்டு வருவதுதான் நிம்மதி. கட்டுரை எழுதுவதில் தடுமாறுபவர்கள் ஹெரால்ட் பி. லீ நூலகத்திலுள்ள எழுத்துப் பயிற்சி மையத்தில், தம் கட்டுரையைக் கொண்டுபோய்க் காட்டி உதவி பெறலாம். இந்த நூலகத்தின் ஒரு பகுதி தரைக்கு அடியில் இருப்பதால் முதல் சில நாள்கள் வழி தவறுவது சகஜம்.

சாப்பாடும் கேளிக்கையும்

மாணவர்கள் ‘வில்க்’ என்று சுருக்கி அழைக்கும் வில்கின்சன் மையத்தில் கூகரீட் உணவுக்கூடமும் பந்து உருட்டும் அரங்கும் இருக்கின்றன. அதையொட்டியே பல்கலைக்கழகக் கடையும் உள்ளது. பல்கலைக்கழகத்தின் சொந்தப் பால்பண்ணைக் கடைகளான கிரீமரிகளில் ஐஸ்கிரீமும் சாக்லேட் பாலும் பெயர் பெற்றவை. மளிகைப் பொருள்களும் அங்கே கிடைக்கும். கஃபீன் கலந்த குளிர்பானத்தைக்கூட 2017 செப்டம்பர் வரை வளாகத்தில் விற்கவில்லை. இப்போது கோலா கிடைக்கிறது, காப்பி கிடைக்காது. மான்டி எல். பீன் உயிரியல் அருங்காட்சியகத்துக்கும் கலை அருங்காட்சியகத்துக்கும் கட்டணமின்றிப் போய் வரலாம்.

உடல் நலமும் மன நலமும்

மருத்துவக் காப்பீடு இல்லாமல் இருக்கவே கூடாது. மாணவர் காப்பீட்டுத் திட்டத்தில் சேர்ந்தால் வளாக மருத்துவ நிலையத்தில் குறைந்த செலவில் காட்டிக்கொள்ளலாம். முழுநேர மாணவர்களுக்கு மனநல ஆலோசனை கட்டணமின்றிக் கிடைக்கிறது. நவம்பரில் நான்கு மணிக்கே மங்கத் தொடங்கும் வெளிச்சமும், எல்லோரும் வார்டுக்குப் போய்விட்ட ஞாயிற்றுக்கிழமைத் தனிமையும் சேர்ந்து அழுத்தும்போது, அங்கே போவதைப் பலவீனமாக எண்ண வேண்டாம். முதல் சந்திப்புக்குச் சில வாரம் காத்திருக்க நேரலாம் என்பதால், தாங்க முடியாமல் போகும்வரை தள்ளிப்போடாமல் முன்னதாகவே பெயர் கொடுத்துவிடுங்கள்.

பெற்றோரும் அறிந்திருக்க வேண்டிய விதி ஒன்றுண்டு. பாலியல் வன்முறைக்கு ஆளானவர் புகார் செய்தால், அந்த வேளையில் அவர் மது அருந்தியிருந்தார், அனுமதி நேரம் கடந்து வெளியிலிருந்தார் என்பன போன்ற நெறிமுறை மீறல்களுக்காக அவர் மீது நடவடிக்கை எடுப்பதில்லை என்று 2016-இல் பல்கலைக்கழகம் முடிவு செய்தது. அதற்கு முன் அப்படி நடந்ததாக எழுந்த கடும் விமர்சனமே இந்த மாற்றத்துக்குக் காரணம். ஆகவே ‘நானும் விதியை மீறிவிட்டேனே’ என்ற அச்சத்தால் யாரும் வாய் மூடியிருக்க வேண்டியதில்லை. வேறு காரணங்களுக்காக நெறிமுறை அலுவலகத்திலிருந்து அழைப்பு வந்தாலும் பதற வேண்டாம். மாணவர் போராட்டத்துக்குப் பின் 2019-இல் அறிவிக்கப்பட்ட நடைமுறையின்படி, எது குறித்த புகார் என்பதை முதலிலேயே சொல்லிவிடுவார்கள். கேட்டதற்கு மட்டும், உண்மையாக விடை சொல்லுங்கள்.

வழிபாடும் உறவும்

ப்ரோவோவிலிருந்து தெற்கே அரை மணிப் பயணத்துக்குள் ஸ்பானிஷ் ஃபோர்க் என்னும் ஊரில், வயல்களுக்கு நடுவே மேட்டின் மீது ராதாகிருஷ்ணர் கோயில் இருக்கிறது. மார்ச் மாத இறுதியில் அங்கு நடக்கும் வண்ணத் திருவிழாவுக்கு ஆயிரக்கணக்கில் கூடுபவர்களில் பெரும்பகுதி உங்கள் பல்கலைக்கழக மாணவர்களே. மதுவின்றி ஆடிப்பாடும் விழா என்பதால் அவர்களுக்கு அது மிகப் பிடித்துப்போனது. நம் ஊர் முறை வழிபாட்டை நாடுபவர்கள் வடக்கே சவுத் ஜோர்டானிலுள்ள கணேசர் கோயிலுக்குப் போகலாம். கத்தோலிக்கர்களுக்குப் பக்கத்து நகரான ஓரெமில் புனித பிரான்சிஸ் அசிசியார் ஆலயம் உண்டு. கார் வைத்திருக்கும் ஒருவரோடு மாதம் ஒரு முறையாவது போய் வர ஏற்பாடு செய்துகொண்டால், ஒப்புதல் நேர்காணலிலும் அதைச் சொல்லலாம், திருநீறும் சர்க்கரைப் பொங்கலும் கிடைக்கும்.

உங்களைச் சபைக்கு அழைப்பார்கள், இது உறுதி. அழைப்பது அவர்களுக்குச் சமயக் கடமையும் பாசமும் கலந்த செயல். சென்னையிலோ கோவையிலோ மிஷனரியாக இருந்துவிட்டு வந்த ஒருவர் ‘வணக்கம்’ என்று கை கூப்பி வந்து நின்றாலும் நிற்கலாம். திங்கள் விளையாட்டுக்கும் விருந்துக்கும் தாராளமாகச் செல்லுங்கள். வார்டில் உள்ள நட்பை விட்டால் குளிர்காலத்தில் பேச்சுத் துணைக்கே பஞ்சம் வரும். மிஷனரிகளோடு பாடம் கற்க அழைத்தால், விருப்பமில்லை என்பதை ஒரே முறை தெளிவாகச் சொல்லுங்கள். ‘பார்க்கலாம்’, ‘அடுத்த வாரம் யோசிக்கிறேன்’ என்று நம் வழக்கப்படி இழுத்தால், அதை அவர்கள் சம்மதத்தின் தொடக்கமாகவே எடுத்துக்கொள்வார்கள். அதில் அவர்கள் பிழை ஒன்றுமில்லை. தெளிவாக மறுத்த பிறகும் பெரும்பாலோர் நட்பை விடுவதில்லை.

ஜனவரியில் குளிர்காலச் செமஸ்டர் தொடங்கியதும், அடுத்த ஆண்டுக்கான ஒப்புதலைப் புதுப்பிக்கச் சொல்லும் மின்னஞ்சலை எதிர்பாருங்கள். நீங்கள் நாடும் ஆலோசகரிடம் நாள் குறித்து, வகுப்புப் பதிவு திறப்பதற்குள் பேசி முடித்துவிடுங்கள். ஏப்ரலில் எல்லோரும் காண்டிராக்ட் விற்க அலையும் வாரத்தில் அவரைப் பிடிப்பது கடினம்.